அழிந்துபோன ஏழு கிலோமீட்டர்

வாகைப்பட்டியில் புத்தி இல்லாதவர் என்று யாரும் கிடையாது. இருக்கிற புத்தியைக் காலையிலேயே செலவழித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பெரியதனக்காரர் சடையப்பனுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சந்தைக்கு ஏழு கிலோமீட்டர் நடக்கவேண்டும். ஊருக்கு மினிபஸ் வந்தால்தான் அவருக்கு விடிவு.

சந்தையூர் மினிபஸ் முதலாளி ஒரு டேப்லெட்டையும், தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் கருவியையும் கொடுத்து அனுப்பினார். "இதோட ஊர்லேருந்து நடந்து வாங்க. வர்ற வழி டேப்லெட்ல கோடா விழும். அதைப் பார்த்துத்தான் பஸ் விடுவேன். கருவிக்கு எப்பவும் வானம் தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா பஸ் பக்கத்து ஊருக்குப் போயிடும்."

வெள்ளிக்கிழமை காலையில் சடையப்பன் கிளம்பினார். கூடவே மனைவியின் தம்பி கருத்தமுத்து, பங்காளி ஒச்சப்பன். கருவியை ஒச்சப்பன் தலையில் துண்டால் கட்டினார்கள். மூவரில் அவன்தான் உயரம், வானத்துக்குக் கொஞ்சம் பக்கம்.

சாலையில் முதல் புளியமரம் வந்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள்.

"இதுக்கு அடியில போனா வானம் தெரியாதே, மாமா" என்றான் கருத்தமுத்து.

"அப்ப சுத்திப் போவோம்."

சுற்றினால் வயல், முழங்கால் சேறு. வழியில் எழுபத்திரண்டு புளியமரங்கள். பாவம் சடையப்பன், எழுபத்திரண்டு தடவை இறங்கி ஏறினார். ஆனாலும் ஒரு மரத்தைக்கூட வானத்தை மறைக்க விடவில்லை என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சந்தையூர் போய்ச் சேர்ந்ததும் முதலாளி உள்ளே கூப்பிட்டார். கூரை இருக்கிறதென்று மறுத்துவிட்டார்கள். அவரே வெயிலுக்கு வந்து டேப்லெட்டைப் பார்த்தார்.

"பஸ் என்ன நாத்து நடவா போகுது? இதை அழிச்சுட்டு, நேரா சாலையில நடந்து புதுசாக் கொண்டாங்க. நாளை மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன்" என்று போய்விட்டார்.

எப்படி அழிப்பது என்று தெருவில் உட்கார்ந்து பேசினார்கள்.

"நடந்து விழுந்த கோடு. நடந்துதான் அழிக்கணும்" என்றான் கருத்தமுத்து.

"திரும்ப நடந்தா இன்னொரு கோடு விழுமேண்ணே" என்றான் ஒச்சப்பன்.

சடையப்பன் வெகுநேரம் யோசித்தார். "முன்னால நடந்து போட்டோம். பின்னால நடந்தா அழிஞ்சுடும்."

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? மூவரும் ஊருக்கு முதுகைக் காட்டியபடி, எழுபத்திரண்டு மரங்களையும் மறுபடி சுற்றிப் பின்னாலேயே நடந்தார்கள். ஊர் எல்லையைத் தொட்டபோது டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துவிட்டது. சடையப்பனுக்குக் கண் கலங்கியது.

"ஒரு பொட்டு விடாம அழிஞ்சுடுச்சு, தம்பி" என்றார்.

வீட்டில் மனைவி வெள்ளத்தாய் கேட்டாள். "போன காரியம் என்னாச்சு?"

"நாங்க இன்னும் போகவே இல்லை. போனதைத்தான் அழிச்சாச்சே."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. சடையப்பன் பயந்தே போனார். போகாத ஊருக்குக் கால் ஏன் வலிக்கிறது?

ஒச்சப்பன்தான் கண்டுபிடித்தான். "இது நாளைக்கு நடக்கப்போற வலிண்ணே. அவசரப்பட்டு இன்னைக்கே வந்துடுச்சு."

"அப்ப நாளைக்கு வலிக்காதா?"

"ஒரே வலி ரெண்டு தடவை எப்படி வரும்?"

சடையப்பன் முகம் மலர்ந்தது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வருஷத்து வலி மொத்தத்தையும் இன்னைக்கே வாங்கிட்டா, அப்புறம் நமக்கு பஸ் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, நொண்டி நொண்டி ஊரைச் சுற்றத் தொடங்கினார்.