இரண்டு கைகளையும் தூக்கியவர்

வடிவம்மையின் ஆசிரமத்தில் கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் புங்கமரத்தடியில் வந்து உட்காருவார். கேட்க விரும்புகிறவர் எழுந்துபோய் அவருக்கு எதிரில் உட்கார வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் பின்னால். பதில் வரும்வரை கேட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.

வடிவம்மை பன்னிரண்டு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். எங்கே போகணும் என்று கேட்டால் பக்கத்து சீட்டைப் பார்த்துவிட்டு ஊர் பெயர் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார்.

சேந்தன் அங்கே வந்து இரண்டு வருடமாகிறது. ஒருநாளும் எழுந்துபோய் உட்கார்ந்ததில்லை.

அவருக்குக் குருவைவிட நாலு வயது அதிகம். ஆறரை அடி உயரம். அமெரிக்காவில் பிறந்து, வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர். அந்த ஊர் ஃபுட்பாலில், முட்டை வடிவப் பந்துக்காக ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டத்தில், பதினோரு வருடம் ஆடி ஓய்வு பெற்றவர். அவ்வளவு வருடத்தில் ஒருமுறைகூடப் பந்தைத் தொட்டதில்லை என்று அவர் சொன்னபோது ஆசிரமத்தில் யாரும் நம்பவில்லை. பந்தை எறிகிறவர் ஒருவர். அவரை எதிரணி நெருங்காதபடி முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். அதில் ஒருவன் நான் என்று விளக்கினார். தப்பு செய்தால் மட்டும் நடுவர் அவருடைய எண்ணை ஒலிபெருக்கியில் சொல்வார். எழுபத்து மூன்று. மற்றபடி அவர் அங்கே நின்றது யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து சமையல்காரர் பொன்னுரங்கம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். "சுவரு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வடகம் காயணும்" என்பார்.

ஆனால் ஒரு புகைப்படம் இருந்தது. பந்தை எறிகிறவரான டேரில் என்பவர் கால் முறிந்து தரையில் கிடக்கிறார். பக்கத்தில் சேந்தன் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, வாய் திறந்து நிற்கிறார். அடிபட்ட தோழனுக்காக டாக்டரைக் கூப்பிட்டவர் என்று அந்த நாடே அவரைக் கொண்டாடியது. ஆசிரமத்துக்கு வருகிறவர்களிடம் பொன்னுரங்கம் அதைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டுவார். அப்போதெல்லாம் சேந்தன் கிணற்றடிப் பக்கம் போய்விடுவார்.

அந்த வாரம் டேரிலிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்பது வருடமாகிவிட்டது, நேரில் நன்றி சொல்லாமல் எனக்கு ஆறாது, வெள்ளிக்கிழமை அங்கே இருப்பேன் என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் சேந்தன் எழுந்துபோய் வடிவம்மையின் எதிரில் உட்கார்ந்தார். பின்னால் பேச்சு அடங்கியது. யாரோ ஊன்றுகோலை மண்ணில் ஊன்றி நடந்து வந்து உட்காரும் சத்தம் கேட்டது. மூட்டுவலி வந்தால் பொன்னுரங்கம் கோல் எடுப்பார்.

"அம்மா, நான் இன்னைக்கே இங்கேருந்து கிளம்பிடலாமா?"

"நன்றி சொல்ல வர்றவரைப் பார்த்தா ஓடுறீங்க?"

"அவர் எனக்கு நன்றி சொல்லக் கூடாது."

சேந்தன் தன் முழங்கால்களைப் பார்த்தபடி பேசினார். சுவராக நிற்கிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்றார். கூட்டம் போடுகிற சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த மைதானத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தால் நமக்கு நல்லது. வெளியூர் மைதானத்தில் ஆர்ப்பரித்தால் நமக்குக் கெட்டது. பழக்கத்தில் அது காதுக்கே தெரிந்துவிடும்.

"அன்னைக்குத் தலையில ரெண்டு அடி. எந்த ஊர்ல ஆடுறோம்ங்கிறதே மறந்துபோச்சு. ஒருத்தன் என்னைத் தாண்டிப் போனான். போகவிட்டது நான்தான். அடுத்த நொடி அரங்கமே அதிர்ற மாதிரி ஒரு சத்தம்."

"ம்."

"நம்ம ஊருன்னு நெனச்சேன். ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்."

எப்படி என்று காட்டுவதற்காகச் சேந்தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"சந்தோஷத்துல தூக்கினேன் அம்மா. தூக்கிட்டுத் திரும்பினேன். அவர் கால் வேற பக்கம் பார்த்துக் கெடந்துச்சு. கையை இறக்க முடியல. அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துட்டாங்க. நான் யாரையும் கூப்பிடல. கூப்பிட்டேன்னு அவங்களே சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல."

பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. ஒரே ஒருவர், மெதுவாக, மகிழ்ச்சியாகத் தட்டினார். ஆசிரமத்தில் யாரும் கைதட்டுவதில்லை.

சேந்தன் வடிவம்மையின் முகத்தைப் பார்த்தார். அவர் கண்கள் சேந்தனின் தோளுக்கு மேலே, பின்னால் எங்கோ இருந்தன.

"சென்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்படி அவரைக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான்.

சேந்தன் தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. இறக்கச் சொன்னால் கேட்காத கைகள். கோல் மண்ணில் ஊன்றியது. ஒருமுறை. இன்னொருமுறை. காலை இழுத்து நடக்கிற நடை.

"எப்ப வந்தார்?" சேந்தன் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

"காலைல. ஒரு நாள் முன்னாடியே வந்துட்டார். நான்தான் உட்காரச் சொன்னேன்."

"எல்லாத்தையும் கேட்டுட்டாரா?"

கோல் சத்தம் அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு கை தோளில் விழுந்தது. அந்தக் கை அழுத்திய விதத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை.

வடிவம்மை எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டார்.

"கேட்டார். ஆனா அவருக்குத் தமிழ் தெரியாது."