யோசித்த கைபேசியும் வெட்டிய கத்தரியும்

ஒரு தையல் கடையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. வெட்டு என்றால் வெட்டும். வேண்டாம் என்றால் படுத்துக் கிடக்கும். இரண்டுங்கெட்டானாகக் காத்திருப்பதுதான் அதற்கு ஆகாது.

அன்று காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் கல்யாணம் வைத்திருந்த ரெஜினா, பட்டுச் சேலையோடு வந்த ரவிக்கைத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "முழங்கை வரைக்கும் கை வேணும்க்கா. நாலு மணிக்கு வந்திருவேன்."

துண்டு முழுக்கக் கிளிகள். அளவுநாடா இரண்டு முறை படுத்து எழுந்து, "ஒரு கைக்குத் துணி பத்தாது" என்றது.

தையல்காரி ஜெபசீலி அளவுகளைச் சொல்லிக் கைபேசியிடம் வழி கேட்டாள்.

"கருத்தூறல் நடக்கிறது" என்றது கைபேசி.

"அப்படியென்றால்?" என்றது கத்தரி.

"யோசிக்கிறேன். உன்னைப் போன்றவர்கள் யோசிப்பது மாதிரி அல்ல. இதோ, ஊறல் முடிந்து உள்நோக்குக் கடைசல் தொடங்கிவிட்டது."

"மணி பன்னிரண்டு ஆகிறது."

"கடைசலுக்குப் பிறகு ஐய வடிகட்டல். அதை அவசரப்படுத்தக் கூடாது."

"அளவைக் கேட்டாய். துணியைப் பார்த்தாயா?" என்றது நாடா.

"முன்முடிவு முறிப்பில் இருக்கிறேன். குறுக்கே பேசாதே."

ஒருவழியாக விடை வந்தது. ஒரு கையைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு ஒட்டினாற்போல் வைத்து வெட்டினால் துணி போதும்.

ஜெபசீலி சற்றுத் தயங்கினாள். "இம்புட்டு நேரம் யோசிச்சிருக்கு. தப்பாவா சொல்லும்?" என்றபடி கத்தரியை எடுத்தாள்.

வெட்டு என்றாள். வெட்டியது.

தைத்து முடித்து விரித்தபோது, வலக்கையில் கிளிகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. இடக்கையில் அத்தனையும் வௌவால் மாதிரி தொங்கின.

"யோசனைக்கு அத்தனை பேர் வைத்தாயே. இதற்கு என்ன பேர்?" என்றது கத்தரி.

"அருமையான கேள்வி. நீ சொல்வது முற்றிலும் சரி" என்றது கைபேசி.

ரெஜினா வந்தாள். ரவிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"வேற துணியும் இல்லையேக்கா. எப்படி இப்படி ஆச்சு?"

"எல்லாம் இந்தச் சனியன் பிடிச்ச கத்தரியால" என்று ஜெபசீலி அதை மூலையில் வீசினாள். கைபேசியை முந்தானையால் துடைத்து, சார்ஜில் போட்டாள்.