சுவர் நிறைய ஈரம்

ஏழிலூரில் அந்த ஐப்பசி மாதம் ஆட்சி செய்தது மன்னர் குமுதவர்மர் அல்ல, அவருடைய தும்மல்.

மன்னர் புது மாளிகை கட்டியிருந்தார். "பூச்சு இன்னும் காயவில்லை, மகாராஜா. சாளரங்களைத் திறந்துபோடுவோம். தை பிறந்ததும் குடிபோகலாம்" என்று கொத்தனார் பெரியாண்டி தலைபாடாக அடித்துக்கொண்டார். மன்னர் கேட்டால்தானே! அடுத்த முகூர்த்தத்திலேயே பால் காய்ச்சினார். பால் காய்ந்தது, சுவர்தான் காயவில்லை. சாரல் அடிக்கிறதென்று சாளரங்களை இறுகச் சாத்தி, சுவரெல்லாம் பட்டுத் திரை வேறு தொங்கவிட்டார். சபையும் அங்கேதான் கூடியது.

ஒரே மாதத்தில் திரைக்குப் பின்னால் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பூத்தது. மூக்கைத் துளைக்கும் வாடை.

"மட்டமான சுண்ணாம்பு! அந்தக் கொத்தனைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!" என்று மன்னர் தும்மலுக்கு நடுவே உத்தரவிட்டார்.

பெரியாண்டியின் மனைவிக்கு நிறைமாதம். கொட்டும் மழையில் எங்கே போவாள்? விகடகவி மருதீசருக்கு மனசு கேட்கவில்லை.

"மகாராஜா, நெஞ்சில் கொஞ்சம் ஈரம் வேண்டாமா?"

"ஈரமா? அதுதான் சுவர் நிறைய இருக்கிறதே! வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்!"

சபை சிரித்தது. மருதீசரும் சிரித்துவைத்தார். "அப்படியே ஆகட்டும். ஐந்து நாள் தவணை கொடுங்கள். உண்மைக் குற்றவாளியைச் சபையில் நிறுத்துகிறேன்."

அன்று மன்னர் மழையில் நனைந்து வந்து பட்டுச் சால்வையைக் கழற்றிப்போட்டார். மருதீசர் அதைப் பிழியக்கூட இல்லை. அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஐந்தாம் நாள், பெரியாண்டியும் வந்து நின்ற சபையில் பெட்டி திறந்தது. முன்வரிசை மூக்கைப் பொத்தியது. சால்வை முழுக்கக் கறுப்புப் புள்ளி.

"ஐயோ, என் சால்வை!"

"நெய்தவன் மோசக்காரன், மகாராஜா. அவனையும் நாடு கடத்திவிடலாமா?"

"உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? நெய்தவன் என்ன செய்வான்? ஈரம் காயுமுன் மூடிவைத்த மடையன் யார்? அவனைச் சொல்!"

மருதீசர் மெல்லத் திரும்பினார். சாத்திய சாளரத்தைப் பார்த்தார். பட்டுத் திரையைப் பார்த்தார். அப்புறம், மரியாதைக்காக, தரையைப் பார்த்தார்.

மன்னரின் முகம் சிவந்தது. பிறகு தும்மலும் சிரிப்பும் ஒன்றாக வெடித்தன.

"அந்த மடையன் இன்றே பழைய அரண்மனைக்குப் போகிறான்! பெரியாண்டி, எல்லாச் சாளரத்தையும் திற. தை வரை மாளிகை உன் பொறுப்பு. உன் வீட்டுப் பிரசவத்துக்கு அரண்மனை மருத்துவச்சி வருவாள். மருதீசரே, உமக்கு என்ன வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம், மகாராஜா. நீங்கள் சொன்னபடி சுவரிலிருந்து ஈரத்தை அள்ளினேன். உங்கள் நெஞ்சில் வைத்துவிட்டேன். இனிச் சுவர் தானாகக் காயும்!"