ஆளுக்கொரு ஒயர்

கொக்காம்பாளையத்துல அண்ணன் தம்பி மூணு பேரு. பெரியவன் நாச்சிமுத்து, நடுவன் அங்கப்பன், சின்னவன் மயில்சாமி. மூணு பேருக்கும் சேத்தே அறிவு கொஞ்சந்தான், அதையும் சமமாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா மூணு பேரும் கஞ்சி குடிப்பாங்க. ஒருத்தன விட்டுட்டு மத்த ரெண்டு பேரு மட்டும் ஒரு காரியம் செய்யறதுங்கற பேச்சே அந்த வீட்ல கிடையாது.

பெரியவங்க ரெண்டு பேருக்கும் பொண்ணு குடுக்க யாரும் வரல. மயில்சாமிக்கு மட்டும் சம்பூர்ணத்து மேல ஆசை. கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறை வச்சிருக்கற சென்னியப்பனோட பொண்ணு, அப்பன் பட்டறையிலயே லேத்து ஓட்டறவ. அவளுக்கும் இவன் மேல பிரியந்தான். ஏன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது.

சென்னியப்பன் ஒரே கண்டிசன் போட்டாரு. மாப்பிள்ளைக்குச் சொந்தமா ஒரு மெஷின் இருக்கணும், அது வீட்ல ஒழுங்காச் சுத்தறத அவரு கண்ணால பாக்கணும். தை மாசம் கடைசி ஞாயிறு வருவேன், சுத்தலைன்னா பொண்ணு வேற இடத்துக்குப் போயிரும்னு சொல்லிட்டாரு. அன்னையிலிருந்து மயில்சாமிக்குச் சோறு இறங்கல. அதனால அண்ணனுகளும் அரை வயித்தோட எந்திரிச்சாங்க.

மூடிப் போன கம்பெனி ஒண்ணுலிருந்து இரும்பைச் செதுக்கற பழைய மில்லிங் மெஷின் வந்து இறங்குச்சு. ஒரு டன் இரும்பு. அதைக் கூடத்துல நிறுத்திட்டுக் கட்டிலை வாசல்ல போட்டாங்க. வித்த மனுசன் ரெண்டு புத்தி சொல்லி அனுப்பியிருந்தாரு. வாரம் ஒரு தரம் எண்ணெய் வைக்கணும். டேபிள் மட்டமா இருக்குதான்னு தண்ணி வச்சுப் பாக்கணும்.

எண்ணெய்னா சனிக்கிழமைதானுங்களே. காலையில மெஷினுக்கு உச்சியிலிருந்து எண்ணெய் தேய்ச்சு, அரை மணி ஊற வச்சு, சீயக்கா போட்டு வெந்நி ஊத்தி அலசி விட்டாங்க. சளி பிடிச்சுக்கும்னு மோட்டாருக்கு மட்டும் துண்டு கட்டியிருந்தாங்க.

அப்புறம் டேபிள் மேல டம்ளர்ல தண்ணி வச்சாங்க. மெஷின் ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுது. அங்கப்பன் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தான்.

"தண்ணி மட்டமாத்தான் இருக்குது. டம்ளர்தான் சாஞ்சிருக்குது."

டம்ளருக்கு அடியில அட்டையை மடிச்சு வச்சு நிமித்திட்டாங்க.

அடுத்தது கரண்ட். வீட்ல இருக்கறது ஒரு பேஸ், இந்த மெஷினுக்கு மூணு பேஸ் வேணும்னு வயர்மேன் துரைராசு விளக்கிச் சொன்னாரு. கரண்டாபீஸ்ல எழுதிக் குடுத்து, காத்துக் கிடந்து, கடைசி வெள்ளிக்கிழமைதான் லைன் வந்துச்சு. சிவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு ஒயர். ஆளுக்கொண்ணுன்னு கணக்காக் குடுத்திருக்கறாங்களேன்னு நாச்சிமுத்துக்குக் கண்ணே கலங்கிருச்சு. சிவப்பு பெரியவனுக்கு, மஞ்சள் நடுவனுக்கு, நீலம் மயில்சாமிக்கு.

துரைராசு சுவிட்சைப் போட்டாரு. வண்டிச் சக்கரமாட்ட இருக்கற கட்டர் தலைகீழா, எதிர்த் திசையில சுத்துச்சு. மூணு ஒயர்ல ஏதாவது ரெண்டை இடம் மாத்துங்க, நேராயிரும்னு சொல்லிட்டு அவரு வேற வேலைக்குப் போயிட்டாரு. மூணு பேரும் மெயினை அணைச்சுட்டு வட்டமா உக்காந்தாங்க.

"எந்த ரெண்டு?" ன்னான் அங்கப்பன்.

"ஏதாவது ரெண்டு," ன்னான் நாச்சிமுத்து.

"அப்ப மூணாமத்தவன் என்ன பாவம் பண்ணுனான்?"

கடைசியில மூணு ஒயரையும் ஆளுக்கொரு இடம் தள்ளிப் போட்டாங்க. அதே தலைகீழ். இன்னொரு இடம் தள்ளுனாங்க. அதே தலைகீழ். இன்னொண்ணு தள்ளுனா ஒயரெல்லாம் பழைய இடத்துக்கே வந்துருச்சு. ரெண்டு மாத்தச் சொன்னாங்க, நாம ஒம்பது மாத்தியாச்சு, இதுக்கு மேல மனுசனால ஆகாதுன்னு நாச்சிமுத்து துண்டை உதறுனான்.

பின்பக்கமா நின்னு பாத்தா நேராத்தான் சுத்துதுன்னு அங்கப்பன் கண்டுபிடிச்சான். உடனே ஒரு டன் மெஷினையும் நெம்பி, முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிட்டாங்க. இப்ப வேலை செய்யறவன் சுவத்துக்குள்ளதான் நிக்கணும். அதனால ஞாயித்துக்கிழமை காலையில கடப்பாரை எடுத்துச் சுவத்தை இடிச்சிட்டிருந்தாங்க. அந்த ஓட்டை வழியாத்தான் வெளிய வந்து நின்ன சென்னியப்பனையும் சம்பூர்ணத்தையும் முதல்ல பாத்தாங்க.

மயில்சாமி அழாத குறையா நடந்ததெல்லாம் சொன்னான். சம்பூர்ணம் சிரிக்கல.

"ஒண்ணை அசையாம விட்டுட்டு ரெண்டை மட்டும் மாத்துங்க. மூணையும் மாத்துனா பழையபடிதான் ஆகும்."

"என்னுது அப்படியே இருக்கட்டும்ணா," ன்னான் மயில்சாமி. "நீங்க ரெண்டு பேரும் மாத்திக்குங்க."

தம்பி தியாகத்தை நெனச்சு அண்ணனுக தேம்பித் தேம்பி அழுதுட்டே மாத்துனாங்க. கட்டர் நேராச் சுத்துச்சு. சென்னியப்பன் மூணு தரம் அணைச்சுப் போட்டுப் பாத்தாரு, முகம் மலர்ந்துருச்சு. வந்ததோட வந்தாச்சு, இன்னைக்கே தட்டை மாத்தி நிச்சயம் பண்ணிரலாம்னு சொல்லிட்டு, வெத்தலை பாக்கு தேங்காயோட அவரு தட்டை எடுத்து நின்னாரு.

மாப்பிள்ளை வீட்லயும் தட்டு தயாரா இருந்துச்சு, ஆளுக்கொண்ணா மூணு. நாச்சிமுத்து கையக் காட்டித் தம்பியை நிறுத்துனான்.

"மயிலு, நீ அசையாத. மூணையும் மாத்துனா பழையபடி ஆயிரும்."

அப்புறம் அவனும் அங்கப்பனும் எதிரெதிரா நின்னு, பயபக்தியா ஒருத்தர் தட்டை ஒருத்தர் மாத்திக்கிட்டாங்க.

சென்னியப்பன் தட்டும் கையுமா மயில்சாமி பக்கம் திரும்புனாரு. "மாப்ள, உங்க அண்ணனுக ரெண்டு பேருக்கும் நிச்சயம் ஆயிருச்சு," ன்னாரு.

நாச்சிமுத்து அங்கப்பனை ஏற இறங்கப் பாத்தான். ரொம்ப யோசிச்சான்.

"பரவாயில்லீங்க. தெரிஞ்ச குடும்பந்தான்."