குரல் கொடுக்காத காவல் மான்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. அதன் தலைவர் முறுக்குக்கொம்பர் என்ற கிழட்டு ஆண்மான். வீறாப்புக்காரர். எல்லா மான்களும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும்.

தாய்மான்கள் மேயப் போகும்போது குட்டிகளைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். குட்டிகளுக்குக் காவல் பெரியப்பா. ஒரு குட்டி "அம்மா" என்று முனகினால் போதும், ஓடிவந்து கொம்பால் விலாவில் ஒரு குத்து.

"சத்தம் கேட்டா செந்நாய் வரும். வாயை மூடு" என்பார்.

இது தாய்களுக்கும் தெரியும். "பிள்ளைங்க நல்லதுக்குத்தானே செய்யறாரு" என்று சொல்லிக்கொண்டு மேயப் போனார்கள். என்ன நல்லதோ, போங்கள்.

அப்படிக் குத்து வாங்கி வளர்ந்தவள்தான் செவ்வந்தி. இப்போது அவளுக்கே ஒரு குட்டி இருந்தது. ஒருநாள் கூட்டம் ஓடையில் தண்ணீர் குடித்தது. காவல் முறை செவ்வந்தியுடையது. ஆபத்து என்றால் காவல் மான் குரல் கொடுக்க வேண்டும்.

எதிர்க்கரைப் புதரில் செந்நாய்களை முதலில் பார்த்தவள் அவள்தான். வாயைத் திறந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. யாரோ விலாவில் குத்த வருவதுபோல உடம்பெல்லாம் ஒடுங்கியது. வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

நல்லவேளை, மரத்திலிருந்த மந்தி கத்தியது. கூட்டம் தப்பித்தது. பெரியப்பாவின் தொடையில் மட்டும் ஒரு கடி.

"இவ இனி நம்ம கூட்டத்துல வேண்டாம். குட்டியைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போகட்டும்" என்றார் அவர், நொண்டிக்கொண்டே.

தனியாகப் போகும் தாயும் குட்டியும் பொழுது சாய்வதற்குள் செந்நாய்க்கு இரை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அத்தனை பேரும் அவரிடம் குத்து வாங்கி வளர்ந்தவர்கள்தானே.

குட்டி மட்டும் அழுதது. "எங்க அம்மாவை விரட்டாதீங்க, பெரியப்பா."

"வாயை மூடு" என்று பெரியப்பா கொம்பைத் தாழ்த்தினார்.

செவ்வந்தி குறுக்கே பாய்ந்தாள். செந்நாயைக் கண்டு வராத குரல் அப்போது வந்தது.

"என் பிள்ளையைத் தொடாதீங்க. குட்டின்னா அழத்தான் செய்யும். என் குரலைக் குத்திக் குத்தி உள்ளே தள்ளினது நீங்க. இப்ப அது எங்கேன்னு என்னையே கேக்கறீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்லையா பெரியப்பா?"

கிழவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் பக்கம் ஒரு மானும் வரவில்லை. தாய்கள் எல்லாரும் தங்கள் குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு செவ்வந்தியோடு போய் நின்றார்கள். குட்டிக்காவலிலிருந்து பெரியப்பாவை அன்றே விலக்கினார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். செந்நாயைக் கண்டால் செவ்வந்திக்கு இன்றும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. அதனால் அவள் காவல் நிற்கும் நாளில் குரல் கொடுக்க இன்னொரு மானும் கூட நிற்கிறது.

நீதி: பிள்ளையின் வாயை அடித்து மூடியவருக்கு, வளர்ந்த பிறகு அது ஏன் பேசவில்லை என்று கேட்க உரிமையில்லை.