சனிக்கிழமைக்கான பீப்பாய்

"நுரைதான் வருது, மாஸ்டர். பீர் வரல," என்றார் தெய்வசிகாமணி.

ஒன்பது நாளில் இது பதினான்காவது போன். ரெஜினா போனை வைத்துவிட்டாள். அரைமணியில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

மெல்பர்னில் ஒரு சின்ன ஆலையில் பீர் காய்ச்சுவது அவள் வேலை. அவரைவிட இருபது வயதாவது இளையவள். பாலம் கட்டும் இன்ஜினியரான அவர், வீட்டிலேயே பீர் காய்ச்ச அவளிடம்தான் கற்றுக்கொண்டார். காய்ச்சுவது கைவந்துவிட்டது. அதில் நுரைக்கான கேஸ் ஏற்றுவதுதான் உயிரை எடுத்தது.

கார் ஷெட்டில், கதவில் குழாய் பொருத்திய ஃப்ரிட்ஜ். உள்ளே பீப்பாயும் கேஸ் சிலிண்டரும்.

சிலிண்டரின் அழுத்த முள்ளைப் பன்னிரண்டில் வைத்துவிட்டுப் பத்து நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

முள் முப்பதில் நின்றது.

யார் ஏற்றியது என்று கேட்டாள். அவர்தான். இரண்டாம் நாள் பீர் சப்பென்று இருந்ததாம், ஏற்றினாராம். நுரை பொங்கியதாம், இறக்கினாராம். மறுபடியும் சப்பென்று போனதால் பீப்பாயைப் பிடித்துக் குலுக்கியும் பார்த்தாராம்.

"நீங்க சொன்னது வேலைக்கு ஆகல."

"நான் சொன்னத எப்ப செஞ்சீங்க?"

அவருக்குச் சுள்ளென்று வந்தது. சனிக்கிழமை அண்ணன் வருகிறார் என்றார். அப்பாவின் காரியத்தன்று வாய் தடித்து முறிந்த உறவு. ஒன்பது வருஷம். போன வாரம் அண்ணனே கூப்பிட்டு, சிட்னியிலிருந்து காரில் வருவதாகச் சொன்னார். பேச்சு வருமோ வராதோ, கையில் கொடுக்க உருப்படியாக ஒரு டம்ளராவது வேண்டாமா? இன்னும் ஐந்தே நாள். இந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு, பத்து நாள் என்று பாடம் நடத்தினால் எப்படி?

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பதமா இருக்கான்னு எப்படிப் பாத்தீங்க?"

"ஊத்தித்தான்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

அவர் யோசித்தார். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை. வந்ததும் இரண்டு, மூன்று. முள்ளைத் திருப்பும்போதெல்லாம் ஒன்று. சனி ஞாயிறில் எண்ணவில்லை. குடித்ததெல்லாம் ஒரு வாய்தான். மற்றதைத் தொட்டியில் கொட்டிவிட்டார்.

ரெஜினா சிலிண்டர் பக்கம் குனிந்தாள். அதிகப்படி கேஸை வெளியேற்றி, முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தாள். பீப்பாயிலிருந்து குழாய்களைக் கழற்றினாள்.

"தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்க சார்."

நிறைந்த பீப்பாய் இருபத்துமூன்று கிலோ. முதுகு பிடித்துக்கொள்ளும் என்று முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் பற்றி, மூச்சை அடக்கி இழுத்தார்.

அது விருட்டென்று மேலே வந்தது. பின்னால் சாயப்போனவரைச் சுவர் தாங்கியது.

பீப்பாயை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அடியில் கொஞ்சம் சலசலத்தது.

"சனிக்கிழமைக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்றார் கடைசியில்.

"இனிமே கை வைக்கலன்னா, ரெண்டு பேருக்குக் காணும்."