கீழைத்துறைச் சடுகுடுக் களம்

"சடுகுடு, சடுகுடு, சடுகுடு…" ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு சின்னக் குரல். பாதி வழியில் அது உடையும். அதன்மேல் பத்துக் குரல்கள் சிரித்துக்கொண்டு விழும். எப்போதோ கேட்ட அந்தச் சத்தம், இந்தக் கதையை எடுத்தாலே எனக்கு முன்னால் ஓடிவந்துவிடுகிறது.

நெடுங்காலத்துக்கு முன் கூடலை நாட்டை நன்னிமாறன் என்று ஓர் அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. மாறாமல் பிடித்தது சடுகுடு ஒன்றுதான். தலைநகரில் பிள்ளைகளுக்கென்று ஒரு களம் வைத்தான், கூட்டம் அள்ளியது. உடனே ஊரெங்கும் பறையறைவித்தான்.

"யாரும் எந்த ஊரிலும் என் பெயரில் பிள்ளைகள் களம் நடத்தலாம். நூறு பொன் கட்டினால் என் கொடி உண்டு, சொல்லித்தர என் ஆசான் வருவார். வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு எனக்கு. பௌர்ணமிதோறும் ஊர் பார்க்க ஆட்டம் நடக்கவேண்டும். ஆள் குறைந்தால் கொடி எடுத்தவரே கச்சை கட்டி இறங்கவேண்டும். ஆட்டம் மட்டும் நிற்கக்கூடாது!"

கீழைத்துறையில் செம்பாயி என்பவள் கொடி எடுத்தாள். கணவனை ஆற்று வெள்ளத்துக்குக் கொடுத்தவள். அவன் விட்டுப்போன படகை விற்று, வீட்டை அடகு வைத்துப் பொன் கட்டினாள். அவளுக்காகப் பரிந்து பேசியவர் அமைச்சர் வெண்காடர்.

கருவூலத் தலைவர் பிச்சாண்டாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. அமைச்சர் சொன்னால் அரசன் கேட்கிறானே என்ற எரிச்சல் அவருக்கு ரொம்ப நாளாக. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"அரசே, கீழைத்துறைக் களம் பொன் விளையும் பூமி. அந்தப் பெண் பாதிப் பிள்ளைகளிடம் காசே வாங்குவதில்லை. களத்தை என்னிடம் கொடுங்கள், லாபம் என்றால் என்னவென்று காட்டுகிறேன்."

அரசன் செம்பாயியை வரவழைத்தான். "ஏனம்மா, களம் நிறையப் பிள்ளைகள். பங்கு மட்டும் ஏன் இத்துனூண்டு வருகிறது?"

"மகாராசா, மழை பெஞ்சா மணல் மாத்தணும். முட்டி தேஞ்சா மஞ்சளும் எண்ணெயும் வேணும். ஆசானுக்குச் சோறு, பிள்ளைங்களுக்குக் கஞ்சி. போன வருசம் கையைக் கடிச்சிருச்சு. இந்த வருசம்தான் வேடிக்கை பாக்க சனம் வருது. பணியாரக் கடை, பானகக் கடை எல்லாம் வாடகை தருது. இப்போ களத்தப் பிடுங்கினா எனக்கு வீடும் போயிரும்."

"காசு தராததுகளை எதற்கு உள்ளே விட்டாய்?" என்று பிச்சாண்டார் உறுமினார்.

அவள் வாய் திறக்குமுன் வெண்காடர் எழுந்தார். "பிச்சாண்டார் சொல்வதுபோலவே செய்யலாம் அரசே. வரும் பௌர்ணமிவரை களம் அவரிடம் இருக்கட்டும். நன்றாக நடத்தினால் அவருக்கே. இல்லாவிட்டால் செம்பாயி வீட்டை அவர் மீட்டுத் தரட்டும். கொடி எடுத்தவருக்கு உள்ள நிபந்தனை எல்லாம் உமக்கும் உண்டு, இல்லையா பிச்சாண்டாரே?"

"ஒன்று விடாமல்!" என்றார் அவர்.

வெளியே வந்ததும் செம்பாயி அழாக்குறையாக நின்றாள். "என்ன சாமி, நீங்களே இப்படிக் கவுத்துட்டீங்களே?"

"பௌர்ணமிக்குச் சீக்கிரம் வா அம்மா. முன்வரிசை கிடைக்காமல் போய்விடும்" என்றார் அமைச்சர்.

பிச்சாண்டார் வேலையைத் தொடங்கினார். காசு தராதவர்களை விரட்டினார். கஞ்சியை நிறுத்தினார். மணலைக் கிளறவே இல்லை. அது காய்ந்து தளமாக இறுகியது. கட்டணத்தை இரட்டித்தார். மிஞ்சியது வணிகர் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர். செலவில்லாமல் உண்டியல் நிறைந்தது. "வந்து பாருங்கள்" என்று அரசனுக்குப் பெருமையாக ஆள் அனுப்பினார்.

பௌர்ணமி மாலை அரசன் வந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் பட்டுக் கச்சையோடு ஏழு பிள்ளைகள். அந்தப் பக்கம் வெறும் தரை.

"எதிரணி எங்கே?"

"அவர்கள் காசு தராதவர்கள் அரசே. அனுப்பிவிட்டேன்."

"பலே! சடுகுடுவில் பாதியை மிச்சம் பிடித்துவிட்டார்" என்றார் வெண்காடர்.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "ஆட்டம் நிற்கக்கூடாது. பிச்சாண்டாரே, கச்சை கட்டும். உம் கணக்கர்கள் ஆறு பேரையும் கூப்பிடும்."

தொந்தி குலுங்கப் பிச்சாண்டார் கோடு தாண்டினார். "சடு…" என்றார். அதற்குமேல் மூச்சு இல்லை.

"தாத்தா, நிறுத்தாமப் பாடணும்!" என்று ஒரு வாண்டு காலைப் பிடித்து இழுத்தது. இன்னும் இரண்டு அவர் முதுகில் ஏறின. கணக்கர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். இறுகிய தரையில் பிச்சாண்டாரின் முட்டி தேய்ந்து எரிந்தது. விரட்டப்பட்ட பிள்ளைகள் வேலிமேல் உட்கார்ந்து, "எந்திரி தாத்தா, எந்திரி!" என்று கத்தினார்கள். பணியாரக் கடையில் சட்டி காலி.

"அரசே!" மண்ணிலிருந்து குரல் வந்தது. "வேலிமேல் இருப்பவர்களை இறங்கச் சொல்லுங்கள்! ஆளுக்கு ஒரு பொன் நானே தருகிறேன்!"

"காசு தராத பிள்ளை களத்துக்கு எதைத் தந்துகொண்டிருந்தான் என்று இப்போது தெரிகிறதா?" என்றான் அரசன்.

அவன் கை அசைத்ததுதான் தாமதம், வேலி காலியானது. புழுதி கிளம்பியது. செம்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

கொடியை அவள் கையிலேயே கொடுத்தான் அரசன். களம் கால் ஊன்றும்வரை பங்கு வேண்டாம் என்றான். பிச்சாண்டார் நொண்டிக்கொண்டே போய் அவள் வீட்டை மீட்டுக் கொடுத்தார். "உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று அரசன் அமைச்சரைக் கேட்டான்.

"சற்றுப் பொறுங்கள் அரசே, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றார் அவர், களத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சில வருடம் கழித்துச் செம்பாயி அக்கரையில் இன்னொரு களம் எடுத்தாள். அது ஓடவில்லை, மூடிவிட்டாள். கீழைத்துறைக் களத்தை அவளுக்குப் பிறகு அவள் மகள் நடத்தினாள்.